வெட்டுவதற்கு முன் என்ஜினைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, டி. கல்லுப்பட்டியில் ராஜபாளையம் சாலையோரம் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரு இளைஞர் காரைக் கொண்டுவந்தார். மூன்று சிலிண்டர் டர்போ. "அண்ணே, டபுள் சைலன்சர் போட்டுக் குடுங்க. வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு. பிக்கப் கூடும்ல?" என்றார். காரை ராம்பில் ஏற்றி, விளக்கை அவர் கையிலேயே கொடுத்தேன். டர்போவிலிருந்து பின்னால் போவது ஒரே குழாய். "இதை ரெண்டாப் பிரிச்சா புகை ரெண்டு மடங்கா வரும்னு நினைக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரட்டைக் குழல் மீதான ஆசை நம் ஊர்ச் சாலைகளுக்குப் பழையது. மைசூரில் செய்த ஜாவாவும் யெஸ்டியும் ஒற்றை சிலிண்டர் வண்டிகள். ஆனாலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர் வைத்திருந்தன. அந்த சிலிண்டரில் புகை வெளியேற இரண்டு வாய்கள் இருந்தன, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குழாய். அங்கே எண்ணிக்கையை முடிவு செய்தது என்ஜின். நாம் மறப்பது அதைத்தான்.

கார்களிலும் இரட்டைக் குழாய் பிறந்தது அப்படியே. வி8 என்ஜினில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக நிற்கும். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. பெண்ட் பைப்பும் இரண்டு. 2016-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி-யின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இரண்டு குழாய் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. குறுக்குத்தள கிராங்க் கொண்ட வி8-இல் ஒரே வரிசையின் இரண்டு சிலிண்டர்கள் ஓரிடத்தில் 90 டிகிரி இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கும். அந்த நெரிசலை மறுபக்கக் குழாய்க்குத் திருப்பிவிடத்தான் இரண்டுக்கும் நடுவே 'எச்' வடிவிலோ 'எக்ஸ்' வடிவிலோ இணைப்பு வைக்கிறார்கள். இணைப்பே இல்லாமல் இரண்டு குழாயையும் தனித்தனியே விடுவது, வி8-க்கும் பாதி வேலைதான்.

நம் பட்டறைகளுக்கு வருவதில் பெரும்பாலானவை வரிசை என்ஜின்கள். நான்கு சிலிண்டர் என்றால் வெடிப்பு வரிசை 1-3-4-2. ஒன்றையும் நான்கையும் ஒரு குழாயில், இரண்டையும் மூன்றையும் இன்னொன்றில் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்கினால், ஒரு துடிப்பு போகும்போது பின்னால் உண்டாகும் வெற்றிடம் அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொள்ளும். ஒன்றாகச் சேர்வதில்தான் ஆதாயம். "கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்" என்று நம்மில் பலர் இன்னமும் சொல்கிறோம். என்ஜினுக்கு எதிரழுத்தம் எந்நாளும் வேண்டாம். வேண்டியது புகையின் வேகம். குழாயை அளவுக்கு மீறி அகலப்படுத்தினால் வேகம் செத்து, கீழ் ஆர்.பி.எம்.-இல் வண்டி சோம்பும். அதைப் பார்த்துத்தான் அழுத்தம் குறைந்துவிட்டது என்று தவறாகச் சொல்லிவந்திருக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 63.5 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு குழாயின் வாய்ப்பரப்பும் 45 மி.மீ. குழாய் இரண்டின் வாய்ப்பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றே, சுமார் 3,170 சதுர மி.மீ. ஆனால் புகை உரசிப் போகும் சுற்றளவு ஒற்றையில் 199 மி.மீ., இரட்டையில் 283. அதே கனத் தகட்டில் செய்தால் எடையும் 40 சதவீதம் கூடும். இரண்டாவது மஃப்ளரும் ஹேங்கர்களும் தனி. போதாததற்கு, பாதிப் புகையே போகும் குழாய் சரியாகச் சூடாகாது. பக்கத்திலுள்ள பேரையூர் வரை போய்த் திரும்பும் வண்டியில் நீர் உள்ளேயே தங்கி மஃப்ளரை அரிக்கும்.

ஒரே குழாய் போதும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 2018-இல் வந்தபோது 648 சிசி இரட்டை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். 2024-இல் அதே என்ஜினோடு வந்த பேர் 650-க்கு இரண்டும் சேர்ந்து ஒன்றாகும் குழாய். முறுக்குவிசை 52.3-இலிருந்து 56.5 நியூட்டன் மீட்டராகக் கூடியது. முழுப் புகழையும் குழாய்க்கே கொடுக்க மாட்டேன், மேப்பிங்கிலும் கை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு குழாயை எடுத்ததால் வண்டி தளரவில்லை என்பது உறுதி.

டர்போ காரில் பேச்சு இன்னும் சுருக்கம். எல்லாத் துடிப்பும் டர்பைனில் போய் விழுந்த பிறகு மிஞ்சுவது ஒரே ஓட்டம். அதற்குத் தேவை நெளிவு குறைந்த, போதிய அகலமுள்ள ஒரு குழாய். இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் ஐ20 என் லைனின் டர்போ மாடலில் பின்னால் இரண்டு வாய் தெரியும். உள்ளே மூன்று சிலிண்டர், ஒரு மஃப்ளர். கம்பெனியே அழகுக்கு வைத்த இரட்டை அது. அதைப் பார்த்துத்தான் பலர் நம்மிடம் வருகிறார்கள்.

சத்தத்தையும் சொல்லியாக வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜின் 3,000 ஆர்.பி.எம்.-இல் நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. அந்த அதிர்வு கேபினுக்குள் ரீங்காரமாக ஏறினால் கொல்லம் வரை போய்வருபவருக்குத் தலைவலிதான். இதற்கு மருந்து இன்னொரு மஃப்ளர் அல்ல. முனை மூடிய ஒரு கிளைக்குழாய். புகை சுமார் 350 டிகிரி சூட்டில் இருந்தால் ஒலி அதில் நொடிக்கு 500 மீட்டர் போகும். 100 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 1.25 மீட்டர். மடித்துப் பொருத்த இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்து எடுக்கும் வேலையை மட்டும் யாரும் தொடாதீர்கள். பிஎஸ்6 வண்டியில் அதற்கு முன்னும் பின்னும் சென்சார் உண்டு. எடுத்ததும் செக் லைட் எரியும். வாகனத்தைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்கீழ் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஒலி, புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. சட்டத்தை விடுங்கள். எங்கள் ஊரில் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா கடைசி ஆண்டுகளைக் கழித்த காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கும் அதன் பள்ளியும் இருக்கிறது. திறந்த குழாயோடு ஒரு கார் கடைவீதியைக் கடக்கும்போது, அது எந்தப் பட்டறையில் செய்தது என்று கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

அந்த இளைஞரின் காரில் இன்டர்கூலர் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டு ஏர் ஃபில்டரை மாற்றினேன். தேடிவந்த பிக்கப் திரும்பியது. ஆனாலும் பின்னால் இரண்டு வாய் வேண்டும் என்ற ஆசை அவருக்குப் போகவில்லை. கம்பெனி மஃப்ளரைத் தொடாமல் அதன் முனையில் இரட்டை டிப் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். பில்லில் "டிப் – தோற்றத்துக்கு மட்டும்" என்று எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார்.