வேகவைத்த கல்லெல்லாம் சுத்தமான கல் அல்ல

“ஆத்துக் கல்லுதானே, நல்லா வேகவெச்சு மீன் தொட்டியில் போட்டால் போதும்” என்ற பேச்சு மீன் வளர்ப்பவர்களிடம் வேரூன்றிவிட்டது. வழவழப்பான கூழாங்கல்லுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். துளைக் கல்லுக்குப் பொருந்தாது. அந்தக் கல்லை நாம் தேடுவதே துளைகளுக்காகத்தான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அங்கே குடியேறும். ஆனால் அதே துளைகளில் உப்பும் உலோகமும் தங்கும். கொதிநீர் கிருமியைக் கொல்லும், உலோகத்தை அழிக்காது. எங்கள் பக்க உதாரணம் நொய்யல் ஆறு. அது சோமனூர்ப் பக்கம் வரும்போதே கோவை நகரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. திருப்பூரில் பல ஆண்டுகள் சாயக்கழிவும் அதில் சேர்ந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அந்தப் படுகையில் கிடந்த துளைக் கல், பருத்தி நூல் சாயத்தை இழுப்பதுபோல ஆற்றில் ஓடியதை உள்ளே இழுத்திருக்கும். கல்லை அடுப்புத் தணலிலோ ஓவனிலோ வாட்டுவது இன்னும் மோசம்: உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறலாம்.

“வினிகர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே” என்பார்கள். வினிகர் சுண்ணாம்பைத்தான் காட்டிக்கொடுக்கும், அதையும் முழுதாக அல்ல. காட்டில் வெள்ளைக் கட்டிகளாகக் கிடக்கும் சுக்கான்கல்லில் விட்டால் நுரைத்துப் பொங்கும். டோலமைட் கல்லோ சும்மா இருந்துவிடும். ஆணியால் சுரண்டி அந்தப் பொடியின் மேல் சொட்டு விட்டு உற்றுப் பார்த்தால்தான் மெல்லிய குமிழ் தெரியும். “நம்ம போர் தண்ணியே உப்பு, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பால் என்ன?” என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடின நீரில் கப்பி, மோலி மீன்கள் நன்றாகவே வாழும். சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைந்த நீர் கல்லை அதிகம் கரைக்காது. ஆர்.ஓ. தண்ணீரில் டெட்ரா போன்ற மென்னீர் மீன் வளர்ப்பவருக்கும், செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுபவருக்கும் அந்த வாதம் உதவாது. அங்கே நீரின் அமிலத்தன்மை கல்லை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு வாளி ஆர்.ஓ. தண்ணீரில் ஊறப்போடுங்கள். கல் இல்லாத இன்னொரு வாளியைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டிலும், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால், வித்தியாசம் கல் கக்கிய உப்பு. தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தும் அளவு ஏறிக்கொண்டே போனால் அந்தக் கல்லே கரைகிறது என்று பொருள். மென்னீர் மீனுக்கு அது ஆகாது. இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. இறாலைக் கொல்லப் போதுமான செம்பு கலந்திருந்தாலும் மீட்டரின் எண் அசையாது. அதனால் கல் எங்கே கிடந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். சாக்கடை, பட்டறை, மருந்தடித்த வயல் இவற்றின் நீர் பட்ட கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கடையில் விற்கும் எரிமலைக் கல்லை வாங்கி ஊறவைப்பது மேல்.