றிப்போட்டில் ‘நில்’ எண்டு இருந்தால் போதுமா?

எங்கட வீடுகளில் ஒரு சொப்பிங் பை இருக்கும். கிளினிக் கொப்பி, குளிசை அட்டைகள், நாலாய் மடிச்ச இரத்த, சல றிப்போட்டுகள் எல்லாம் அதுக்குள்ளதான். கிளினிக் நாளில் வெளியில் வரும். டொக்டர் பார்ப்பார், ஏதோ எழுதுவார், திரும்பவும் பைக்குள் போகும். வீட்டில் ஒருத்தரும் வாசிக்கிறதில்லை. கம்பஸில் படிக்கிற நாங்களும்தான். கேட்டால், “நாங்கள் ஆர்ட்ஸ், உதெல்லாம் எங்களுக்கு விளங்காது” எண்டு தப்பிவிடுவோம்.

இந்தச் சாட்டை இனியும் சொல்லேலாது எண்டு எங்களுக்கு உறைக்க வைத்தது, எங்கட கூட்டத்தில் ஒருத்தியின் அப்பா. வவுனியாப் பக்கம் வயல் செய்கிறவர். களைப்பு எண்டு போனவருக்குச் சலம் பரிசோதித்தார்கள். புரதம், சீனி இரண்டுக்கும் நேரே ‘நில்’. கிட்னி சுகமாம் எண்டு வீடே நிம்மதியானது. ஒன்றரை வருசம் கழிச்சு இரத்தத்தில் கிரியேற்றினின் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிறுநீரகத்தின் வேலை பாதிக்கும் கீழே போயிருந்தது.

அந்த ‘நில்’ பொய் இல்லை. நாங்கள்தான் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டோம்.

ஓ.எல் விஞ்ஞானத்தில் சிறுநீரகத்தியின் படம் கீறிப் புள்ளி வாங்கினவர்கள்தானே நாங்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள் இருக்கு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லீற்றர் அளவு வடிக்கும். 1 அல்லது 2 லீற்றர்தான் சலமாக வெளியேறும், மிச்சம் இரத்தத்துக்கே திரும்பும். வடி பழுதானால் புரதம் ஒழுகும். சலப் பரிசோதனை தேடுவது அதை. கிரியேற்றினின் வேற கதை. அது தசைகளில் உண்டாகும் கழிவு. வடிப்புக் குறைந்தால் இரத்தத்தில் தேங்கும். அந்த அளவோடு வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதுதான் ஈ.ஜி.எஃப்.ஆர். அது மூன்று மாதத்துக்கு மேலாக 60 இற்குக் கீழே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள்.

நீரிழிவால் வரும் பாதிப்பில் பெரும்பாலும் புரதம் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆனால் 1990களில் இருந்து மதவாச்சி, பதவியா பக்கத்துக் கமக்காரரிடம் காணப்படுகிற, வவுனியாவையும் தொட்ட, காரணம் இன்னும் உறுதியாகாத அந்த நோய் அப்படி இல்லை. அது முதலில் தாக்குவது நுண்குழாய்களை. புரதம் வராமலே இருக்கலாம், வந்தாலும் கொஞ்சம்தான். அதனால் அந்தப் பக்கத்து வீடுகளில் சல றிப்போட்டை மட்டும் நம்பக்கூடாது. “இரத்தத்தில் கிரியேற்றினினும் பார்க்கலாமா டொக்டர்?” எண்டு கேட்கவேணும்.

இதையெல்லாம் வாசிச்சால் வீண்பயம் வரும், எல்லாரும் அரைகுறை டொக்டர் ஆகிடுவினம் எண்டு சிலர் சொல்லுவினம். எங்களுக்கு அப்படித் தெரியேல்லை. அரைகுறையாகத் தெரிஞ்சால்தான் பயம். காய்ச்சலிலும் கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் புரதம் ‘+’ காட்டலாம் எண்டு தெரிஞ்சவர் பதறமாட்டார். திரும்பச் செய்து பார்ப்பார். மாதவிடாய் நாளில் கொடுத்த சலத்தில் செங்குழியங்கள் தெரியும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைச்சால் தேவையில்லாத பரிசோதனைகளுக்கு அலையவேண்டி வரும். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கவேணும் எண்டதைக்கூட எங்களில் பலருக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

இன்னொன்று மொழி. சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். றிப்போட்டோ இங்கிலிசில் வருகிறது. மதவாச்சியில் இருக்கிற சிங்களக் கமக்காரருக்கும் இதே நிலைதான். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கீழே, அது எதைப் பார்க்கிறது எண்டு இரண்டு மொழியிலும் ஒரு வரி அச்சடிப்பது பெரிய செலவில்லை. அதைக் கேட்க வேண்டியது மொழியும் சமூகமும் படிக்கிற நாங்கள்தான்.

அதுவரைக்கும் இந்தக் கிழமை வீட்டுக்குப் போனால் அந்தப் பையை எடுங்கோ. றிப்போட்டுகளைத் திகதிப்படி அடுக்குங்கோ. கிரியேற்றினின் ஏறிக்கொண்டு போகுதோ எண்டு பாருங்கோ. ஏறினால் அடுத்த கிளினிக்குக்கு அம்மா அப்பாவோடு நீங்களும் போங்கோ.

எங்கட தோழி இப்ப ஒவ்வொரு மாதமும் போகிறாள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியும் இலக்கமும் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். போன முறை அதைப் பார்த்து முதலில் கேள்வி கேட்டது அவளில்லை, அப்பாதான்.