ஒட்டாத எண்ணெய் எங்கே போய் ஒட்டுகிறது?

"எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்க. மிதந்ததை அள்ளியாச்சு, மிச்சத்தை வெள்ளம் கடலுக்கு இழுத்துட்டுப் போயிடுச்சு. மீனோட உடம்புக்குள்ள அது எப்படிப் போகும்? நல்லா கழுவிச் சமைச்சா போதும்." எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் எண்ணெய்க் கசிவைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வாதம் வந்து நிற்கிறது. டீக்கடையிலும் கேட்கலாம், நன்றாகப் படித்தவர்கள் வாயிலும் கேட்கலாம். பதினோராம் வகுப்பில் வேதிப்பிணைப்பையும் உயிரி மூலக்கூறுகளையும் ஒழுங்காகப் படித்த மாணவர் எவராலும் இதை வரிக்கு வரி மறுக்க முடியும். அந்த மாணவருக்காகவே இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடலாம். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கப்பல் எரிபொருளான கனத்த எண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் அதை மனிதர்கள் வாளிகளில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. வீட்டுச் சுவர், படகு, வலை, கூழைக்கடாவின் இறகு எல்லாம் கறுத்தன. அந்தக் கழிமுகத்துக்கு வடக்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது காட்டுப்பள்ளி.

'ஒட்டாது' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் அந்தப் பக்கம் சற்றே எதிர்மின்சுமையும், ஹைட்ரஜன்கள் இருக்கும் பக்கம் சற்றே நேர்மின்சுமையும் கொள்கின்றன. ஒரு மூலக்கூறின் நேர்முனை பக்கத்து மூலக்கூறின் எதிர்முனையைப் பற்றிக்கொள்வதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. எண்ணெயின் கார்பன் சங்கிலிகளில் இப்படிப்பட்ட முனைகள் இல்லை. பற்றிக்கொள்ள ஏதும் இல்லாததால் தண்ணீர் அதை விலக்குகிறது.

ஆனால் ஆலையிலிருந்தும் கப்பலிலிருந்தும் வரும் எண்ணெய் ஒற்றைப் பொருள் அல்ல, ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை. அதில் சிறிய வளைய மூலக்கூறுகள் தண்ணீரில் கரையவே செய்கின்றன. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஏறத்தாழ 1.8 கிராம் பென்சீன் கரையும். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் சுமார் 30 மில்லிகிராம் கரையும். உப்புத் தண்ணீரில் இந்த அளவுகள் சற்றுக் குறையும், இல்லாமல் போய்விடாது. கனத்த பகுதியோ அலையில் அடிபட்டுத் தண்ணீரை உள்ளே வாங்கிக் கூழாகிறது. கழிமுகத்தின் வண்டல் அதில் ஒட்டினால் எடை கூடி அடியில் படிகிறது. நாம் மிதக்கக் கண்டதும் அள்ளியதும் எண்ணெயின் ஒரு பங்கு மட்டும்தான்.

அடுத்தது, மீன் உடம்புக்குள் எப்படிப் போகும் என்ற கேள்வி. இங்கேதான் அந்த வாதம் அடியோடு சரிகிறது. உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் ஒரு சவ்வு சூழ்ந்திருக்கிறது. அது பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்பதால் ஆனது. ஒவ்வொன்றிலும் தண்ணீரை விரும்பும் தலை வெளிப்புறமும், தண்ணீரை வெறுக்கும் கொழுப்பு வால்கள் உட்புறமும் திரும்பியிருக்கும். சவ்வின் முழுத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் நடுப்பகுதி, வேதியியல் கண்ணில், எண்ணெய்தான். உப்பின் அயனியால் இதைத் தானாகத் தாண்ட முடியாது. சர்க்கரைக்கும் புரதத்தால் ஆன வாசல் வேண்டும். நாப்தலீனுக்கு வாசலே வேண்டாம், நேராக உள்ளே கரைந்துவிடும். மீனின் செவுளோ மூச்சுக்காகவே மெல்லியதாகவும் அகலமாகவும் விரிந்த பரப்பு. நாள் முழுக்கத் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டே ஓடுகிறது.

கொழுப்புக்குப் பதிலாக ஆக்டனால் என்ற திரவத்தை வைத்து வேதியியலாளர்கள் இதை அளக்கிறார்கள். ஆக்டனாலையும் தண்ணீரையும் ஒரே குடுவையில் விட்டு நாப்தலீனைப் போட்டுக் குலுக்கினால், தண்ணீரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 2,000 மடங்கு செறிவில் அது ஆக்டனாலில் போய்ச் சேரும். ஐந்து வளையங்கள் கொண்ட பென்சோபைரீனுக்கு அது பத்து லட்சம் மடங்கு அளவில் இருக்கும். தண்ணீர் துரத்திவிடுவதாலேயே இவை உயிரின் கொழுப்பைத் தேடிப் போகின்றன. 'ஒட்டாது' என்று ஆறுதலாகச் சொல்லப்படும் அந்த ஒரே பண்புதான் இவற்றை உடம்புக்குள் கொண்டு சேர்க்கிறது.

உள்ளே போன பிறகு கதை கொழுப்போடு நிற்பதில்லை. மீனின் ஈரலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம், அதாவது ஒரு வகைப் புரதங்கள், இந்த வளையங்களில் ஆக்சிஜனைச் சேர்த்துத் தண்ணீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தின் வழியே வெளியேற்றப் பார்க்கின்றன. பெரும்பாலும் இது நல்ல வேலைதான். ஆனால் பென்சோபைரீனில் இதே வேலை இடையில் ஒரு வீரியமான பொருளை உண்டாக்குகிறது. அது டிஎன்ஏவின் குவானினில் போய்ப் பிணைந்து, படியெடுக்கும்போது பிழை நேர வழி செய்கிறது. நம் உடம்பிலும் இதே நொதிக் குடும்பம் இதே வழியில்தான் வேலை செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பென்சீனையும் பென்சோபைரீனையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இதனால் எண்ணூர் மீனையே தொடக்கூடாது என்று எவரும் கிளம்பிவிடக் கூடாது. அது இன்னொரு தவறு, மீனவர் வயிற்றில் அடிக்கும் தவறு. அந்த நொதிகள் இருப்பதால் நீந்தும் மீன், சுத்தமான தண்ணீருக்குப் போனதும் பெரும்பகுதியை விரைவில் கழித்துவிடுகிறது. ஆளி, மட்டி போன்ற ஓட்டுயிர்களுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. ஓரிடத்திலேயே இருந்து தண்ணீரை வடிகட்டித் தின்பதால் அவை சேர்த்துக்கொண்டே போகின்றன. எந்த உயிர், எந்த இடம், கசிவு நடந்து எத்தனை நாள் கழித்து என்று பிரித்துக் கேட்காமல் 'மீன்' என்று மொத்தமாகப் பேசுவது எந்தப் பக்கத்துக்கும் நியாயமாகாது.

கழுவினால் போய்விடும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 2017இல் கரையில் அள்ளியதைப் போன்ற தார் கையில் ஒட்டினால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் வராது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் வரும். முனைவற்றதை முனைவற்றதுதான் கரைக்கும். மஞ்சளும் கல்லுப்பும் போட்டு எத்தனை முறை அலசினாலும் சதையின் கொழுப்பில் இருப்பது வெளியே வராது. குழம்பின் கொதியில் பென்சோபைரீன் ஆவியாகியும் போகாது.

'எண்ணெயும் இயற்கைதானே, கிருமி தின்றுவிடும்' என்பது கடைசி வாதம். பழங்காலக் கடல் நுண்ணுயிர்களின் கொழுப்பிலிருந்து வந்ததுதான் கச்சா எண்ணெய், சரி. ஆனால் அணு ஒன்றாக இருந்தால் குணமும் ஒன்றாகிவிடாது. எல்லா அமினோ அமிலங்களிலும் இருக்கும் நைட்ரஜன்தான் அமோனியாவிலும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

எண்ணெய் தின்னும் பாக்டீரியா உண்டு. டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்சாப்பர்' அப்படிப்பட்ட கலவைதான். 2017இல் அள்ளிய கழிவின்மேல் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அது வேகமாகத் தின்ன ஆக்சிஜன் வேண்டும், தன் புரதத்தையும் டிஎன்ஏவையும் கட்ட நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். அதனால்தான் கழிவை மண்ணோடு கலந்து, கிளறி, காற்றுப் படவிட்டுச் செய்கிறார்கள். கழிமுகச் சேற்றை எவர் கிளறுவது? அதில் மேலே சில மில்லிமீட்டருக்குத்தான் ஆக்சிஜன் உண்டு. அதற்குக் கீழே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் கறுப்புச் சேறு. அமெரிக்காவின் மேற்கு ஃபால்மவுத்தில் 1969இல் ஒரு சரக்குப் படகிலிருந்து சிந்திய எண்ணெயை, 30 ஆண்டுகள் கழித்தும் உவர்சதுப்பின் சேற்றில் கண்டார்கள்.

எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர்கள் அந்தச் சேற்றில் இறங்கி, கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். அலையாத்தியும் அதே சேற்றில் வேரூன்றி, மேலே நீட்டிய மூச்சுவேர்களின் நுண்துளைகளால் சுவாசிக்கிறது. எண்ணெய் அந்தத் துளைகளை அடைக்கிறது.

ஆகவே மாணவர்களே, பெற்றோரே, அடுத்த முறை 'தண்ணீரைச் சோதித்தோம், எண்ணெய் இல்லை' என்று ஓர் அறிக்கை வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் தங்காதது தண்ணீரில் இல்லை என்று சொல்வதில் செய்தி எதுவும் இல்லை. சேற்றைச் சோதித்தீர்களா, ஆளியைச் சோதித்தீர்களா, எந்தெந்த வளையச் சேர்மங்களை அளந்தீர்கள், முடிவை மீனவர் கிராமங்களுக்குத் தமிழில் கொடுத்தீர்களா என்று எழுதிக் கேளுங்கள்.