ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டா போட்டி?

1997ஆம் ஆண்டு மே திங்கள் நியூயார்க் நகரில் ஆறு சதுரங்க ஆட்டங்கள் நடைபெற்றன. ஒருபுறம் உலக வீரர் காஸ்பரோவ், மறுபுறம் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கிய ‘டீப் புளூ’ என்னும் கணிப்பொறி. நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் வல்லமை படைத்தது அது. மூன்றரைக்கு இரண்டரை என்று பொறி வென்றது. மனித மூளை தோற்றதென்று உலகமே முழங்கிற்று!

முழக்கம் அடங்கி ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. எனினும் நாம் கேட்கிறோம்: அந்தக் களம் இருவருக்கும் சமமான களந்தானா?

காஸ்பரோவின் ஆட்டங்கள் அச்சேறியவை. எப்படித் தொடங்குவார், எங்கே பாய்வார் என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. பொறியைப் பழக்க ஜோயல் பெஞ்சமின் போன்ற கிராண்ட்மாஸ்டர்கள் அமர்த்தப்பட்டனர். காஸ்பரோவுக்கோ, புதிய பொறியின் ஆட்டம் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை. 1996இல் பிலடெல்பியாவில் நாலுக்கு இரண்டு என்று அவர் வென்ற ஆட்டங்கள் போதாவா என்பர் சிலர். போதா! அடுத்த போட்டிக்குள் பொறி புதுப்பிக்கப்பட்டது, வேகம் இரட்டிப்பாயிற்று. போதாக்குறைக்கு, ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையே அதைத் திருத்தவும் விதியில் இடமிருந்தது!

“ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அவர்தாமே?” என்று கேட்கலாம். உண்மை. கையெழுத்து ஒரு போட்டியைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கும், நேர்மையானதாக்கிவிடாது. காஸ்பரோவ் தவறே செய்யவில்லை என்று வாதாட நாம் வரவில்லை. இரண்டாம் ஆட்டத்தில், வெற்றி தோல்வியின்றி முடிக்க வழியிருந்த நிலையிலேயே அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். பொறியாளர்கள் வஞ்சகம் புரிந்தனர் என்றும் நாம் கூறவில்லை, அதற்குச் சான்றில்லை. ஒருவர் முழு வெளிச்சத்தில் நிற்க, மற்றவர் திரைமறைவில் நின்றார் என்பதே நம் வழக்கு.

“பொறியை முன்கூட்டியே கொடுத்தால், அதன் ஓட்டையைக் கண்டுபிடித்து அதே இடத்தில் அடிப்பார்களே! மனிதன் தன் வழியை மாற்றிக்கொள்வான். பொறி தானாக மாறாதே!” என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன?

2002இல் பஹ்ரைனில் ‘டீப் பிரிட்ஸ்’ பொறியுடன் மோதிய கிராம்னிக், அதன் பிரதியை முன்னதாகவே பெற்றிருந்தார். நாலுக்கு நாலு என்று சமனாக முடிந்தது. 2006இல் ஜெர்மனியின் பான் நகரில் மீண்டும் மோதினர். அப்போதும் பிரதி தரப்பட்டது. ஓர் ஆட்டத்தில், ஒரே நகர்த்தலில் தம் அரசன் வீழவிருப்பதைக் காணத் தவறினார் கிராம்னிக். நாலுக்கு இரண்டு என்று பொறி வென்றது. எதிரி மறைந்து நின்றான் என்று சொல்ல அங்கே இடமில்லை!

பார்த்தீர்களா? நேர்மை பொறியின் வெற்றியைப் பறிக்கவில்லை. அந்த வெற்றிக்குப் பெருமை சேர்த்தது. ‘டீப் புளூ’வுக்கோ அப்பெருமை கிட்டவில்லை. காஸ்பரோவ் மறுபோட்டி கேட்டார்; பொறி ஓய்வு பெற்றது. அதன் கணக்குப் பதிவுகள் பின்னர் வெளியாயின; ஐயம் மட்டும் எஞ்சிற்று.

இன்று எந்த வீரரும் பொறியை வெல்ல இயலாது. அதற்காகப் பாடம் பழையதாகிவிடுமா? மனிதனை விஞ்சினோம் என்று புதுப்புதுப் பொறிகள் நாள்தோறும் மார்தட்டுகின்றன. பொறியைச் செய்தவரே களத்தையும் அமைத்து, கதவையும் சாத்திக்கொண்டு, வெற்றியையும் அறிவித்தால் நாம் நம்பவேண்டுமா?

வெல்லட்டும் பொறி; வேண்டாமென்று யார் சொன்னார்? திரையை விலக்கிவிட்டு வெல்லட்டும்!