குப்பமும் பட்டணமும்

நம் கல்லூரியிற் சேர விண்ணப்பம் எழுதிய நாளில், ஊர்ப்பெயர் கேட்ட கட்டத்தில் 'பெசன்ட் நகர்' என்று எழுதினேன். அது பொய்யன்று, தபாற்காரர் எங்கள் தெருவுக்குக் கடிதம் கொணர்வதும் அப்பெயரைக் கொண்டுதான். ஆயினும் முழு மெய்யுமன்று. யான் பிறந்து வளர்ந்தது அடையாற்று முகத்துவாரத்திற்குத் தென்பாலுள்ள ஊரூர்க் குப்பம். 'குப்பம்' என்னும் சொல் செவியிற் பட்டதும் 'குப்பை' என்னும் சொல் கேட்போர் உள்ளத்தில் எழுவதைச் சிறுவயதிலேயே அவர்தம் முகத்திற் கண்டவனாதலின் மறைத்தேன்.

சென்ற ஆண்டு என் வகுப்புத் தோழர் சிலர் மாலைக்காற்று வாங்க எங்கள் பக்கம் வந்தனர். எல்லியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னத்தருகே நின்று படம் எடுத்துக்கொண்டபின், வடக்கே நடந்து குப்பத்து மணலை அடைந்தோம். அவருள் ஒருவர், "இங்கே ஏன் இத்தனை வலையும் படகும் பரப்பிக் கிடக்கின்றன? அப்புறப்படுத்தினால் கடற்கரை எவ்வளவு விசாலமாக இருக்கும்!" என்றார். அவர் நல்லவர்; தீய எண்ணத்தோடு கூறினாரல்லர். எனினும் அச்சொல் என்னை விட்டு நீங்கவில்லை. என்னை எனின், அது அவர் ஒருவருடைய சொல்லன்று. இப்பட்டணம் நெடுநாளாகக் கூறிவரும் சொல்.

நகரத்தார்க்குக் கடற்கரை ஒரு வெற்றிடம். எங்கட்கோ அது தொழிற்சாலை. நெசவுக்காரர் தறிக்குழியில் அமர்வதுபோல எங்கள் பெரியோர் மணலில் அமர்ந்து வலை பொத்துகின்றனர். படகு கரையேறுவதும், மீனை வலையினின்று பிரித்தெடுப்பதும், ஏலம் கூறுவதும், பெண்டிர் கூடை நிரப்பிக்கொண்டு விற்கப் புறப்படுவதும் அங்கேதான். ஐப்பசி, கார்த்திகையில் அலை உயருங்கால் படகுகளை இன்னும் மேலே இழுத்து வைத்தல் வேண்டும். அதற்காகவே சித்திரையில் வெறுமையாகக் காணப்படும் மணல் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது. அதனைக் கோடையிற் கண்டு 'யாரும் பயன்படுத்தாத இடம்' என்று கூறுவது, அறுவடைக்குமுன் களத்து மேட்டைக் கண்டு தரிசு என்பதை ஒக்கும்.

மற்றொன்று கூறுகின்றேன். என் தந்தையார் விடியற்கு முன் எழுந்து முதலிற் செய்வது, வாயிலில் நின்று கடலைப் பார்ப்பது. காற்று வாடையா, கொண்டலா, கச்சானா? நீரோட்டம் வன்னியா, தெண்டியா? இவற்றைக் கண்டும், அலையோசையைச் செவியுற்றும் அன்று போவதா, எவ்வலையை எடுப்பதா என்று துணிகின்றார். வானிலை அறிக்கை இப்போது கைப்பேசியில் வருகின்றது, அதனையும் பார்க்கின்றார். ஆயினும் வாயிலிற் கடல் இல்லையேல் அவருக்குப் பாதித் தொழில் இல்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப்பின், கடற்கரையோரக் குடும்பங்கள் பலவற்றைச் செம்மஞ்சேரியிற் குடியேற்றினர். கல்வீடு, மின்விளக்கு எல்லாம் உண்டு, கடல்தான் இல்லை. பாதுகாப்பு வேண்டாமென்று கூறும் மூடர் எங்களுள் எவருமிலர். அப்பேரலையிற் பிணங்களைச் சுமந்தோர் நாங்களே. ஆனால் கடலோடியைக் கடலினின்று பிரித்தபின் அவனுக்கு அளிக்கும் வீடு, அவன் தொழிலுக்குக் கட்டிய சமாதியாகும் என்பதைத் திட்டம் வகுத்தோர் எண்ணினாரல்லர்.

இது புதிதுமன்று. 1639இல் ஆங்கிலக் கம்பெனியார் இடம் பெற்ற நாளில் இக்கரையில் மீனவர் சிற்றூர்கள் இருந்தன. பின்னர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுட் புகுந்தன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிருந்து வடக்கே தள்ளிச் செல்வன. அச்சுவர்கள் தடுக்கவே தென்பால் மணல் குவிந்து மெரினா அகன்றது. வடபால் இராயபுரக் கரையைக் கடல் அரித்துத் தின்றது. ஆக, பட்டணத்தார் புகழும் அகன்ற மணற்பரப்புக்கும், வடசென்னைக் குப்பங்கள் இழந்த நிலத்திற்கும் மூலம் ஒன்றே. 1985இல் அம்மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டுப் படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது கலகம் மூண்டது. போலீஸார் சுட்டதில் மீனவர் சிலர் உயிர் நீத்தனர். என் தோழர் கூறிய 'அப்புறப்படுத்தல்' எளிய சொல்லன்று.

தமிழ் வகுப்பில் நெய்தல் திணையை நாம் எத்துணை உவகையோடு படிக்கின்றோம்! பரதவர், திமில், பாக்கம் என்னும் சொற்களுக்குப் பொருளெழுதி மதிப்பெண் பெறுகின்றோம். அப்பரதவர் மரபினர் கூடையோடு பேருந்தில் ஏறினால் மூக்கைப் பொத்துகின்றோம். (வஞ்சிரம் தட்டில் வருங்கால் மூக்கு திறந்துகொள்வதையும் கண்டிருக்கின்றேன்.)

2015ஆம் ஆண்டு டிசம்பர் பெருவெள்ளத்தில் நிலைமை தலைகீழாயிற்று. அடையாறு கரைபுரண்டு வீடுகளின் மேன்மாடம் வரை நீர் ஏறிய இடங்களுக்கு, சென்னைக் குப்பங்களின் மீனவர் தம் படகுகளைக் கொண்டுசென்று மக்களை ஏற்றி வந்தனர். அன்று படகுகள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாக எவரும் முறையிடவில்லை.

குப்பத்தில் குறையே இல்லையென்று சாதிக்க யான் முன்வரவில்லை. மதுவால் அழிந்த குடும்பங்கள் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்திற் பெண்களின் குரல் இன்றும் போதிய அளவு கேட்கப்படுவதில்லை. மீனை விற்றுப் பணமாக்குவோர் அவர்களாயிருந்தும். கரையில் அசுத்தமும் உண்டு. எனினும் முகத்துவாரத்திற் கலக்கும் கழிவுநீரில் எங்கள் வீட்டு நீர் எத்துணை, ஆற்றின் இருகரையிலுமுள்ள பெருநகரத்தின் நீர் எத்துணை என்று எவரேனும் அளந்து கூறட்டும். முன்பு அங்கே இறாலும் மடவையும் வாரிய முதியோர் இன்னும் இருக்கின்றனர்.

'நீ படித்துவிட்டாய், இனிக் குப்பத்தை விட்டு வெளியேறலாமே' என்று பலர் அன்போடு அறிவுரை கூறுகின்றனர். மயிலாப்பூரிற் பிறந்தவன் பட்டம் பெற்றால் மயிலாப்பூரை விட்டுப் போவென்று எவரும் கூறுவதில்லை. என் தம்பி கடலுக்குப் போக விரும்பவில்லை. அது அவன் உரிமை. ஆனால் போக விரும்புபவனுக்குப் படகேற்ற மணலும், போக விரும்பாதவனுக்கு அதே தெருவில் விளக்கும் நூலும் ஒருங்கே இருத்தல் ஏன் இயலாததாக வேண்டும்?

கடற்கரைக் காப்பு அறிவிக்கை 1991இல் வந்தது. 2011ஆம் ஆண்டின் அறிவிக்கை, கடற்கரை மேலாண்மைப் படங்களில் மீனவர் ஊர்களையும் அவர்தம் பொதுவிடங்களையும் குறித்தல் வேண்டுமென்று விதித்தது. யான் வேண்டுவது அதனினும் மிகுதியன்று. வீடுகளை மட்டுங் குறித்து, படகு நிற்குமிடம், வலை உலர்த்துமிடம், மழைக்காலத்தில் ஏற்றி வைக்குமிடம் ஆகியவற்றை வெள்ளையாக விட்ட படம், நாளை ஓர் அதிகாரியின் மேசையில் 'காலியிடம்' என்றே தோன்றும். அதன்மேற் சாலைக்குக் கோடு போடுவது எளிது. நம் கல்லூரியில் நிலவியல் பயில்வோர் பலர். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு வந்தால், என் தந்தையாரும் அவர் தோழரும் உடன் நடந்து இடங்களைக் காட்ட இசைந்துள்ளனர். கோடையில் வந்தால் ஒருமுறையும், கார்த்திகையில் மறுமுறையும் வரல் வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாயிரா.