ஆபத்தும் ஆயத்தமும்

விழா மலரிலே மகிழ்ச்சிக்குரிய பொருள்களை எழுதுதலே மரபு. கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், பெரியோர் ஆற்றிய தொண்டும், விளையாட்டரங்கிற் பெற்ற வெற்றிகளும் இம்மலரின் ஏனைய பக்கங்களை அணிசெய்யும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ அத்தகையதன்று. துவக்கேந்திய ஒருவன் பள்ளிக்கூடத்தினுள்ளோ தொழிலகத்தினுள்ளோ புகுந்து எதிர்ப்பட்டாரையெல்லாம் சுடத் தொடங்கினால் அங்குள்ளோர் யாது செய்தல் வேண்டும்? அத்தகைய நாள் வருமுன்னரே யாது செய்திருத்தல் வேண்டும்? இவையே நமது வினாக்கள்.

இவ்வினாக்கள் நமக்கெதற்கு என்று கேட்பாரும் உளர். இக்கொடுமை ஐக்கிய அமெரிக்காவிலேயே மிகுதியும் நிகழ்வது உண்மை. ஆயினும் நம் பழைய மாணவர் பலர் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். அமெரிக்கப் பள்ளிகளிலே கதவைப் பூட்டி, விளக்கையணைத்து, மூலையில் மௌனமாயிருக்கும் பயிற்சி தீப் பயிற்சியைப் போலவே வழக்கமாகிவிட்டது. அன்றியும், போர்க்காலத்திற் பதுங்குகுழியின் அருகிருந்து பாடம் படித்த தலைமுறையினர்க்கு, பிள்ளைகளின் உயிரைக் காத்தலும் பள்ளியின் கடமையே என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இக்கொடுமைக்கு மாற்றாக உயர்ந்த மதிலையும் ஆயுதந் தாங்கிய காவலாளரையுமே பலர் முதலில் நினைக்கின்றனர். நமது கருத்து வேறு. நன்கு பூட்டப்படும் கதவு, யாவரும் அறிந்த ஒழுங்கு, மாணவன் அஞ்சாது அணுகக்கூடிய ஆசிரியர் ஆகிய எளிய மூன்றுமே முதற்காவல் என்பது நமது துணிபு.

அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகம் 2000 முதல் 2013 வரை நிகழ்ந்த 160 சம்பவங்களை ஆராய்ந்தது. அவற்றுட் கால அளவை உறுதியாக அறியக்கூடியவை 63. அவற்றில் 44 சம்பவங்கள் 5 நிமிடத்துள் அல்லது அதற்கு முன்னரே முடிந்துவிட்டன. பொலிசார் எத்துணை விரைந்து வரினும், முதற் சில நிமிடங்கள் உள்ளிருப்போர் கையிலேயே உள்ளன என்பது இதனாற் பெறப்படும். இதனையுணர்ந்தே ஹியூஸ்டன் நகரத்தார் 2012இல் ‘ஓடு, ஒளி, போராடு’ என மூன்று சொற்களில் ஒரு நெறியை வகுத்தனர். தப்பியோட வழியிருப்பின் ஓடுக. இல்லையேற் பூட்டிய அறையில் ஒளிக. வேறு கதியே இல்லாதவிடத்து மட்டும் எதிர்த்து நிற்க என்பது அதன் பொருள்.

2017 நவம்பர் 14ஆந் திகதி கலிபோர்னியாவில் ராஞ்சோ தெஹாமா என்னுஞ் சிற்றூரில் நடந்தது ஈண்டுக் கருதற்பாலது. அவ்வூரிற் பலரைச் சுட்ட ஒருவன் தொடக்கப் பள்ளியை நோக்கி வந்தான். தொலைவிற் கேட்ட வெடியொலியை உணர்ந்த பள்ளிச் செயலாளர் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராது, யாவரையும் உள்ளே சென்று பூட்டுமாறு உடனே பணித்தார். ஆசிரியர் பிள்ளைகளை வகுப்புக்குள் விரைந்து சேர்த்தனர். வாகனத்தால் வாயிற்கதவை இடித்துப் புகுந்தவன் சில நிமிடம் சுட்டுத் திரிந்தும் வகுப்பறை எதனுள்ளும் நுழைய இயலாது வெளியேறினான். ஒரு பிள்ளை காயமுற்றது. பள்ளியில் உயிரிழந்தார் ஒருவருமிலர். ஆபத்தை முதலிற் கண்டவர் எவராயினும் அவரே எச்சரிக்கை விடுக்கலாம் என்னும் உரிமை எத்துணைப் பெரியது!

இதற்கு மாறானது 2022 மே 24ஆந் திகதி டெக்சாஸ் மாநிலத்து யுவால்டி நகரில் நிகழ்ந்தது. அங்கே 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். அம்மாநிலச் சட்டசபைக் குழுவின் அறிக்கை, திறப்புகள் போதாமையாற் கதவுகளைப் பூட்டாது விடுவது அப்பள்ளியில் வழக்கமாயிருந்ததையும், ஓர் அறையின் பூட்டுப் பழுதென முன்னரே தெரிந்திருந்ததையும், வேறு காரணங்களுக்காக அடிக்கடி வந்த எச்சரிக்கைகளால் விழிப்பு மங்கியிருந்ததையும் எடுத்துக்காட்டிற்று. 376 அதிகாரிகள் வந்து கூடியும், ஒரு மணி நேரத்துக்கு மேலாக எவரும் அவ்வறையினுட் புகவில்லை. 1999இற் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்ட பின்னர், முதலில் வருவோர் தாமதியாது உட்புகல் வேண்டுமென்பது பொலிசாரின் பயிற்சியில் விதியாயிற்று. விதி இருந்தது, தலைமை ஏற்பாரில்லை. ஆட்கள் பலர் இருந்தும் ஆணை ஒன்றில்லையேற் பயன் யாது?

2018 பெப்ரவரி 14ஆந் திகதி புளோரிடாவின் பார்க்லண்ட் நகரப் பள்ளியொன்றில் 17 பேர் இறந்தனர். அங்கே ஆயுதந் தாங்கிய அதிகாரி ஒருவர் பணியில் இருந்தார். அவர் அக்கட்டடத்தினுட் செல்லவில்லை. கொலைஞன் எவ்வகுப்பறையுள்ளும் நுழையாது, கதவுக் கண்ணாடி வழியாகவே உள்ளிருந்தோரைச் சுட்டான். ஒவ்வோரறையிலும் கதவிலிருந்து பார்வைக்குப் புலனாகாத மூலை எதுவென முன்னரே குறித்து, அதனை மேசை நாற்காலிகளால் அடையாது விட்டிருத்தல் வேண்டும் என்பது இத்துயரம் கற்பித்த பாடம்.

இவையெல்லாம் ஆபத்து வாயிலுக்கு வந்த பின்னர் ஆவன. வாராது தடுப்பதே மேல். அமெரிக்க இரகசியச் சேவையும் கல்வித் திணைக்களமும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிகளில் நிகழ்ந்த 37 தாக்குதல்களை எடுத்துக்கொண்டது. அவற்றுள் 30இல், நடக்கவிருப்பதை வேறொருவராவது முன்னரே அறிந்திருந்தார். அவ்வாறு அறிந்தோர் பெரும்பாலும் உடன் பயின்ற மாணவர். அறிந்தும் அவர் ஏன் வாய் திறந்திலர்? நண்பனைக் காட்டிக்கொடுத்தலாகுமோ என்ற தயக்கமும், சொன்னால் நம்புவாரோ என்ற ஐயமும் மாணவர்க்கு இயல்பேயாம். ஆதலின், தோழன் தன்னையோ பிறரையோ அழிக்க எண்ணுங்கால் அதனைச் சொல்லுதல் காட்டிக்கொடுத்தலன்று, அவனைக் காத்தலேயென்று மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். கேட்ட ஆசிரியரும் அம்மாணவனை உடனே வெளியேற்றிக் கைகழுவுதல் தகாது. வேர்ஜீனியா மாநிலம் 2013இல், அச்சுறுத்தல்களை ஆய்ந்து ஆவன செய்யும் குழு ஒவ்வோர் அரசினர் பள்ளிக்கும் அமைதல் வேண்டுமெனச் சட்டஞ் செய்தது. ஒருவர் மனம்போன போக்கிலன்றிப் பலர் கூடி ஆராய்வதே இவ்வேற்பாட்டின் சிறப்பு.

பயிற்சியும் அளவறிந்து செய்யற்பாலது. 2019இல் இந்தியானா மாநிலத்திற் பயிற்சியென்ற பெயரால் ஆசிரியர்களை முழந்தாளிடச் செய்து பிளாத்திக்குக் குண்டுகளாற் சுட்ட செய்தி வெளிவந்தது. தீப் பயிற்சிக்காகப் பள்ளிக்குத் தீ மூட்டுவாருளரோ? முன்னறிவித்து, வயதுக்கேற்ற சொற்களால் விளக்கி, அமைதியாகச் செய்யும் பயிற்சியே மனத்திற் பதியும். அச்சுறுத்தி நடத்தும் பயிற்சி பிள்ளைக்கு அச்சத்தையே கற்பிக்கும்.

நிகழ்ந்த பின்னர்ச் செய்வனவும் உள. குருதிப்பெருக்கை அழுத்தி நிறுத்த ஆசிரியரும் மேல்வகுப்பு மாணவரும் கற்றிருத்தல் வேண்டும். வரவிடாப்பின் படியொன்று வெளியே எடுத்துச் செல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். பெற்றோர் வந்து பிள்ளைகளைப் பெறுமிடம் முன்னரே குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். செய்தி ஒருவர் வாய்மொழியாகவே வெளிவருதல் வேண்டும்; இன்றேல் வதந்தி ஊரைச் சுடும். இவை தீக்கும் வெள்ளத்துக்கும் சூறாவளிக்கும் ஒருங்கே பயன்படுவன. ஆதலின் நம் நாட்டிற்கு இவை வீண்செலவாகா.

பழைய மாணவரிடம் ஒன்று வேண்டி அமைகின்றோம். விழா ஆண்டுகளில் மண்டபத்துக்கும் விளையாட்டரங்குக்கும் மனமுவந்து வழங்குகின்றோம், அது நன்றே. அவ்வறக்கொடையில் ஒரு சிறு கூறு, உள்ளிருந்து எளிதிற் பூட்டவும் திறக்கவும் ஆகும் கதவுகளுக்கும், முதலுதவிப் பயிற்சிக்கும், மாணவர் தம் துயரைச் சொல்லி ஆறுதற்கென ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் அமைவதற்கும் செல்வதாக. மண்டபச் சுவரிலே கொடுத்தோர் பெயர் பொறிக்கப்படும். பூட்டிலும் திறப்பிலும் எவர் பெயரும் பொறிக்கப்படுவதில்லை. அதனாலேதான் இவ்வேண்டுகோளை இம்மலரில் விடுக்கின்றோம்.