மாதேஸ்வரன் மலைப் பிள்ளைகளுக்குச் சாஸ்திரிய இசை எட்டுமா?

மாதேஸ்வரன் மலை: தமிழக எல்லையை ஒட்டியுள்ள மாதேஸ்வரன் மலைக்குத் தமிழகத்தில் இருந்தும் ஏராளமான பக்தர்கள் செல்கின்றனர். மலையில் ஒலிக்கும் கம்சாளே இசை அவர்களுக்கும் பழக்கமானதே. வெண்கலத் தாளங்களை மோதி மாதேஸ்வரரின் கதையைப் பாடும் கலைஞர்கள், இரவெல்லாம் நீளும் அந்தக் காவியத்தை ஏடு பார்த்துப் படிப்பதில்லை. குருவிடம் கேட்டே மனதில் பதிக்கின்றனர்.

இத்தகைய கேள்வி ஞானமும் தாளக் கட்டுப்பாடும் உள்ள ஏழைப் பிள்ளை ஒருவர் சாஸ்திரிய இசை கற்க விரும்பினால் வழி என்ன?

1997-ஆம் ஆண்டு வரை மைசூரு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கங்குபாய் ஹங்கல் பெயரிலான இசைப் பல்கலைக்கழகம் சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் மைசூருவில் உள்ளது. சாதிப் பாகுபாட்டைச் சந்தித்து வளர்ந்த கங்குபாய், ஹூப்ளியில் இருந்து குந்தகோலுக்கு ரயிலில் சென்று குரு சவாய் கந்தர்வரிடம் பயின்றவர். மலைப் பிள்ளைகளுக்கு அத்தகைய ரயில் வசதியும் இல்லை.

தொலைவு மட்டுமே தடையன்று. கர்நாடகத்தில் நடைபெறும் ஜூனியர், சீனியர், வித்வத் இசைத் தேர்வுகளில் பாடிக் காட்டுவதுடன் எழுத்துத் தேர்வும் உண்டு. கேட்டுக் கற்றவர்கள் தடுமாறும் இடம் இதுவே. வயலின், வீணை வாங்கும் செலவும் ஆண்டுக்கணக்கில் நீளும் பயிற்சிக் கட்டணமும் கூலிக் குடும்பங்களுக்குப் பெரும் சுமை.

இதில் தமிழகத்தின் அனுபவம் கவனிக்கத்தக்கது. இங்குள்ள 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் 3 ஆண்டுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகிய பிரிவுகளில் சேர எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மாணவர்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. சேர்க்கைத் தகுதியைத் தளர்த்துவதால் கலையின் தரம் குறைவதில்லை என்பதற்கு இது சான்று.

அடுத்தது மேடை. 2015-ஆம் ஆண்டு சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம்.கிருஷ்ணா உள்ளிட்டோர் தொடங்கிய விழா, கர்நாடக இசையை மீனவர் குடியிருப்புக்கே கொண்டு சென்றது. எனினும், விழா சில நாட்களில் முடிந்துவிடும். பயிற்சியோ பல ஆண்டுகள் தொடர வேண்டும். வெனிசுலாவில் 1975-ஆம் ஆண்டு தொடங்கிய 'எல் சிஸ்டெமா' திட்டம், ஏழைப் பிள்ளைகளின் வசிப்பிடத்துக்கு அருகிலேயே இலவசமாக இசை கற்பித்தே உலகின் கவனத்தை ஈர்த்தது.

மலைக்கும் இதுவே பொருந்தும். உள்ளூர்ப் பள்ளியில் நிரந்தர இசை ஆசிரியர், இரவலாக இசைக்கருவிகள், தொடக்க நிலையில் வாய்மொழித் தேர்வு, மைசூருவில் மேற்படிப்புக்கு விடுதி வசதி ஆகியவை அவசியம். கம்சாளேயைக் கைவிடுவது அதற்கு நிபந்தனையாகிவிடக் கூடாது. குருவிடம் கேட்டுக் கற்ற அந்தப் பயிற்சியையே முதல் தகுதியாக ஏற்றால், மலைப் பிள்ளைகள் சலுகை கோருவோராக அன்றி, இசை அறிந்தவர்களாகவே வகுப்பறைக்குள் நுழைவார்கள்.